மாமனாருக்கு நான் எடுத்த 'ஸ்கூல்' பாடம்

கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் மாப்பிள்ளை பலகாரம் தின்பதற்கு மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். இது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால் பிள்ளையைப் பாடச் சொல்வார்கள். எனக்கோ கழுதைக் குரல். அதனால் என் அம்மா, "ஐயா, இங்கிலீஷ் வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லு லா!" என்பார். மலேசியாவில் செமோர் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்துப் படிக்க வைத்த பிள்ளை லத்தீன், கிரேக்கம் என்று அவிழ்த்துவிடுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. (எனக்கு மட்டும் என்னவாம்? தலைகால் புரியாது.)

ஈப்போவுக்குப் பெண் கேட்டுப் போனோம். யாழ்ப்பாணக் குடும்பம். பெண்ணும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். எங்களுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அவள் அப்பா தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. அவரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிரித்தால் அபராதம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

தேநீர் வந்தது. கூடவே அம்மாவின் குரலும். "ஐயா, சாருக்கு ஒரு வார்த்தை சொல்லு லா!"

தலைமையாசிரியர் ஆயிற்றே என்று 'ஸ்கூலை' எடுத்தேன். "இது லத்தீன் 'ஸ்கோலா'விலிருந்து வந்தது சார். அது கிரேக்க 'ஸ்கோலே'யிலிருந்து. அதுக்கு அர்த்தம், வேலை வெட்டி இல்லாத ஓய்வு!"

(கிரேக்கத்தில் 'ஓய்வு' மட்டும்தான். 'வேலை வெட்டி' என் சொந்தச் சரக்கு.)

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் இவ்வளவு காலமும் வேலை வெட்டி இல்லாமலோ இருந்தனான்?"

கதவோரம் நின்ற பெண் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

அம்மாதான் பேசினார். "சரியாத்தானே சொல்றான் சார்? நாங்க விடியுமுன்ன பெரட்டுக் களத்துல வரிசையா நின்னு பேர் கொடுத்துட்டு மரம் வெட்டப் போனவங்க. ஓய்வு இருந்தா நானும் படிச்சிருப்பேன் லா. எனக்குக் கிடைக்கல. இவனுக்கு நான் கொடுத்தேன்."

கெஞ்சவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அந்தக் கூடத்தில் என் அம்மாவைவிடப் பெரிய ஆள் யாருமில்லை என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான்.

தலைமையாசிரியர் ஒரு கோப்பையை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ, சம்பந்தி" என்றார்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். மத்தியானம் நாற்காலியில் கால் நீட்டிக் கண்ணயர்ந்தால், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த மாமனார் அவர்களை அதட்டுவார்:

"சத்தம் போடாதேங்கோ. அப்பம்மா ஸ்கூலுக்குப் போயிருக்கிறா."