மாமனார் ஊரில் ஒரு நிந்தவூர் கோல்

எதையும் நம்பாதவன் என்று பெயரெடுக்கப் பெரிய அறிவெல்லாம் தேவையில்லை. யார் எதைச் சொன்னாலும் கதிரையில் சாய்ந்து, மூக்கால் ஒரு மூச்சை விட்டு, பாதிச் சிரிப்புச் சிரித்தால் போதும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். நான் இந்தத் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினேன். கல்யாணம் முடிக்கும்போது அதில் கரைகண்டவனாக இருந்தேன்.

அரசியலைப் பற்றி என் கருத்து எளிமையானது: மேடை ஒன்றுதான், ஏறுகிறவர்கள்தான் வேறு. விண்வெளித் தொடர்களைப் பற்றி இன்னும் கடுமையான கருத்து வைத்திருந்தேன். காற்றே இல்லாத வெளியில் கப்பல் வெடித்தால் சத்தம் எப்படிக் கேட்கும்? எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் ஒரே கல்லுடைக்கிற இடம். நெற்றியில் இரண்டு மடிப்பை ஒட்டிக்கொண்டு வேற்றுக்கிரகவாசியாக வருகிற அத்தனை பேரும் சுத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். (நம் பக்கத்தில் இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளிப் போனாலே பேச்சு மாறிவிடுகிறது.) உதைபந்தாட்டமோ, பதினொரு பேர் வியர்க்க, வெற்றிலை மென்றுகொண்டு வேலியோரம் நின்றவன் "நாம வெண்டுட்டம்" என்று சொல்லும் விளையாட்டு. எந்த "நாம"? நீ என்ன செய்தாய்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு தேர்தல் கூட்டத்தையும் ஒரு தொடரின் ஒரு பாகத்தையும் ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. நம்பிப் பார்க்கிறவன் ஒரு தடவை பார்த்தால் போதும். நம்பாதவன் குறை பிடிக்க இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரில். தொழில் விஞ்ஞான ஆசிரியர். கல்யாணம் முடித்தது கல்முனைக்குடியில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவார். நானும் அப்படியே என் மனைவி சிபானாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். போன பிறகுதான் புது மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் எவ்வளவு மரியாதை என்பது தெரிந்தது. மீனில் நடுத்துண்டு எனக்கு. தொலைக்காட்சியின் ரிமோட் என் கையில். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் எதைச் சொன்னாலும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த மரியாதையை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தில் இந்தக் குடும்பமே மயங்கிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மாமா, சிபானாவின் தகப்பனார், அந்த முறை வட்டாரத்தில் உள்ளூராட்சித் தேர்தல் கேட்டார். முந்திய முறை கேட்டுத் தோற்று, வெட்கத்தில் சந்தித் தேத்தண்ணிக் கடைப் பக்கமே நெடுநாள் போகாமலிருந்த மனிதர். "இதுதான் மகன் கடைசி. இதுலயும் தோத்தா இந்த வெள்ளச் சட்டய மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சிருவன்" என்றார் என்னிடம்.

"யார் வந்தாலும் ஒண்டுதானே மாமா" என்றேன் நான்.

"ஓம் மகன். சரியாச் சொன்னீங்க" என்றுவிட்டு, தன் படம் போட்ட சுவரொட்டிகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு போனார். எவ்வளவு பெரிய மனிதர் என்று இப்போது புரிகிறது.

அந்த வீட்டில் என்னோடு எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் மச்சான் ரிஸ்வி. சிபானாவின் தம்பி. கல்முனைக்குடி அணியின் கோல் காப்பாளர். "மச்சான், உண்மையச் சொல்லுங்க. நிந்தவூரும் நாங்களும் விளையாடினா நீங்க எந்தப் பக்கம்?" என்று அடிக்கடி கேட்பான்.

"நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். எனக்குப் பக்கம் எல்லாம் இல்ல."

இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

தேர்தலுக்கு முன்னால் மாமா ஒரு கிண்ணம் வைத்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தினார். (எங்கள் பக்கத்தில் வேட்பாளர் கொள்கை விளக்கம் கொடுக்காமல் இருக்கலாம், கிண்ணம் கொடுக்காமல் இருக்க முடியாது.) பத்து ஊர் அணிகள் வந்தும், இறுதியாட்டத்துக்கு வந்து நின்றவை இரண்டுதான்: கல்முனைக்குடி, நிந்தவூர். நேர்முக வர்ணனைக்கு என்னைப் போட்டார் மாமா. நல்ல தமிழ் வரும் என்பது சொன்ன காரணம். படித்த மருமகன் பக்கத்தில் இருப்பதை வட்டாரம் பார்க்கட்டும் என்பது சொல்லாத காரணம்.

"வாப்பா, அவரு நிந்தவூர்" என்றான் ரிஸ்வி.

"அவரு படிச்ச மனிசன். அவருக்கு ஊர் பேர் எல்லாம் இல்ல" என்றார் மாமா. நான் கண்ணை மூடித் தலையசைத்தேன்.

இறுதியாட்டத்துக்கு முந்திய நாள் பின்னேரம் சிபானாவும் நானும் ஒரு விண்வெளித் தொடர் பார்த்தோம். ஒரு கிரகத்தில் பிறந்து இன்னொரு கிரகத்தின் கப்பலில் வேலை செய்கிற அதிகாரி, போர் வந்ததும் பிறந்த கிரகத்துக்காகக் கண்ணீர் விடுகிறான். நான் வழக்கம்போல மூக்கால் சிரித்தேன். "சம்பளம் இஞ்ச, அழுகை அங்கயா? நடக்கிற கதையா இது?"

"பாவம், பிறந்த இடம்தானே" என்றாள் சிபானா.

"அதெல்லாம் எழுதுறவன் கட்டிவிடுற கதை" என்று ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. கொட்டகையில் முன்வரிசையில் மாமா, பக்கத்தில் ஒலிவாங்கியோடு நான். நான்கு ஒலிபெருக்கிகள், ஒன்று கடலைப் பார்த்தபடி. (தோணிக்காரர்களுக்கும் வாக்கு உண்டு.) பிரதம அதிதியாகக் கொழும்பிலிருந்து வரவேண்டிய பெரியவர் முதற்பாதி முடிந்த பிறகு வந்தார். மாலை போட்டார்கள். உட்கார்ந்தவர் மாமாவின் காதுக்குள், "நம்மட டீம் எது?" என்று கேட்டது எனக்கே கேட்டது. மாமா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவருக்கு அழைப்பு வந்துவிட்டது.

என் வர்ணனை நடுநிலையின் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. "இரு அணிகளும் சம பலத்துடன் மோதுகின்றன. பந்து இவ்வாறு வளைவதற்குக் காரணம் அதன் இரு பக்கத்துக் காற்றழுத்த வேறுபாடு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்." கூட்டத்திலிருந்து ஒருவர், "சேர், பாடத்த விட்டுட்டு யாரு அடிக்கிற எண்டு சொல்லுங்க" என்றார். மாமா பெருமையோடு என் தோளில் தட்டினார்.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியப் போகிற நேரம் நிந்தவூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. உதைக்க வந்தவன் அஸ்மி, நிந்தவூரில் எங்கள் பின்வீட்டுக்காரன். அவனோடு எனக்குப் பெரிய நட்பொன்றும் கிடையாது. கோலுக்குள் ரிஸ்வி, என் மனைவியின் தம்பி, காலையில் என்னோடு ஒரே தட்டில் பிட்டுச் சாப்பிட்டவன். நான் நிதானமாக, "இதோ, அஸ்மி உதைக்கிறார்" என்றேன். பந்து சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலால் எழும்பி, காற்றழுத்த வேறுபாட்டின்படி வளைந்து, ரிஸ்வியின் விரல் நுனியில் பட்டு, வலைக்குள் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஊருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அடிச்சிட்டம்! நாம அடிச்சிட்டம்டா! டேய் அஸ்மி, நிந்தவூர்டா!"

நான்கு ஒலிபெருக்கிகளிலும் போனது. கதிரை பின்னால் விழுந்தது. நான் எழும்பிக் குதித்து, சந்தோசத்தைத் தாங்க முடியாமல், கைக்கெட்டிய மனிதரைக் கட்டிப்பிடித்தேன். கைக்கெட்டியவர் மாமா. ஒலிவாங்கி எங்கள் இருவரின் நெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆகவே அடுத்து வந்த மாமாவின் குரலையும் மைதானமும் கடலும் கேட்டன.

"விடுங்க மகன். ஆக்கள் பாக்கிறாங்க. விடுங்க."

மைதானம் அப்படியே அடங்கிப் போனது. கைதட்டியது ஒரே ஒருவர்தான். பிரதம அதிதி எழும்பி நின்று, தொலைபேசியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அருமையான கோல். உங்கட மருமகனுக்கு நல்ல ஊர்ப்பற்று" என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிண்ணத்தை மாமாவே நிந்தவூருக்குக் கொடுத்தார். தன் கிண்ணம், தன் மைதானம், தன் தேர்தல். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது. இவ்வளவு வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

வீட்டில் யாரும் ஏசவில்லை. புது மாப்பிள்ளையை ஏசுவது எங்கள் பக்கத்து வழக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக மரியாதையைக் கூட்டினார்கள். நடுத்துண்டு இரண்டாக வந்தது. தேத்தண்ணியை மாமி இரண்டு கையாலும் தந்தார், முகத்தைப் பார்க்காமல். நான் வந்தால் எல்லோரும் எழும்பி நின்றார்கள், நான் உட்கார்ந்ததும் வெளியே போனார்கள். ஒரு நல்ல அடி விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறைக்குள் மட்டும் சிபானா வாய் திறந்தாள். "நெத்தியில மடிப்பு ஒண்டுதான் குறைச்சல் உங்களுக்கு."

எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஆட்டோ மறுநாளே ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. "சொந்த மருமகனின் மனதையே வெல்லாதவர் இந்த வட்டாரத்தை வெல்வாரா?" (வசனம் நன்றாகத்தான் இருந்தது. எழுதியவனைப் பாராட்ட ஆளில்லை.) மாமா வாசலில் நின்று கேட்டார். பிறகு உள்ளே போய், இஸ்திரி போட்டுத் தொங்கிய வெள்ளைச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரைத் தோற்கடிக்கப் போவது நான்தான் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

கொஞ்ச நாள் நிந்தவூரில் போய் இருக்கலாமென்று உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "இஞ்ச வராத மகன். பொண்டாட்டியோட சண்ட எண்டு ஊர் கதைக்கும்" என்றார். வைப்பதற்கு முன், குரலைத் தாழ்த்தி, "கோல் நல்ல கோல்தான்" என்றார்.

ஆனால் இரண்டொரு நாளில் பின்னேரங்களில் ஒவ்வொருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் அந்த வட்டாரத்துக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். சம்மாந்துறை, மருதமுனை, அக்கரைப்பற்று. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்தார்கள். காக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற, பேரப்பிள்ளை கண்ட ஒருவர் கண் கலங்கிவிட்டார். "தம்பி, நான் இஞ்ச வந்து எவ்வளவு காலம். எங்கட சம்மாந்துற கோல் அடிச்சா இண்டைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் இரிக்கன். நீங்க எங்க எல்லாருக்குமாக் கத்திட்டீங்க."

உள்ளறையில் மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கல்முனைக்குடியில் கல்யாணம் முடித்த ஆண்களில் வெளியூர்க்காரர் எத்தனை பேர் என்று அரசியல்வாதிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் என்னை மேடையில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பேசினார். "என்ட வட்டாரத்துல ஒரு மாப்பிளயும் பிறந்த ஊர மறக்கத் தேவல்ல. என்ட மருமகனுக்கு நான் குடுத்த உரிமயத்தான் உங்க எல்லாருக்கும் குடுக்கிறன்." உரிமையை எனக்கு எப்போது கொடுத்தார் என்று யோசித்துக்கொண்டே நான் கைதட்டினேன்.

மாமா வென்றார். நன்றாகவே வென்றார்.

வென்ற மறுநாள் ஊரில் கதை கிளம்பியது: கோலுக்குக் கத்தியது, கட்டிப்பிடித்தது, "விடுங்க மகன்" என்றது எல்லாமே மாமாவும் மருமகனும் முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்த்துச் செய்த வேலை. நான் பள்ளிக்கூடத்தில் மறுத்தேன். தேத்தண்ணிக் கடையில் மறுத்தேன். வல்லாஹி என்று சத்தியம் செய்தேன். எல்லோரும் கதிரையில் சாய்ந்து மூக்கால் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் யோசிக்காமல், உள்ளத்திலிருந்து செய்த ஒரே காரியம் அது. அதை நம்ப ஊரில் ஒருவர்கூட இல்லை. மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "அரசியல்ல எல்லாத்தையும் வெளிய சொல்றல்ல மகன்" என்று சட்டைக் கொலரைச் சரிசெய்தார்.

ரிஸ்வி மட்டும் என்னை நம்பினான். ஏனென்றால் கோலுக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்த்தவன் அவன். அதனாலேயே மன்னிக்கவுமில்லை. பெருநாள், பெயர் வைப்பு, எந்தச் சபையிலும் யாராவது ஒலிவாங்கியை எடுத்தால், "எங்கட மச்சான்ட கைக்கு எட்டாத இடத்துல வைங்க" என்பான்.

போன வருடம் அவனும் கல்யாணம் முடித்து, உடுப்புப் பெட்டியோடு அக்கரைப்பற்றில் மனைவி வீட்டுக்குப் போனான். ஒருநாள் பின்னேரம் அழைப்பு வந்தது. பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"மச்சான், கெதியாக் கேளுங்க. நான் பாத்ரூமுக்குள்ள நிக்கன்."

"ஏன், சுகமில்லயா?"

"இவங்கட டீமுக்கும் நம்மட டீமுக்கும் மாட்ச். டிவியில இல்ல, போன்ல போகுது. மாமனார் பக்கத்துலயே இரிக்காரு. நம்மட ஆக்கள் இப்பதான் அடிச்சாங்க. முகத்தத் தொங்கப் போட்டுட்டு இஞ்ச ஓடி வந்து, பைப்பத் திறந்து விட்டுட்டுக் கத்தினன் மச்சான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தேத்தண்ணிக்கு எல்லோரும் கூடியபோது இதைச் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாமி மட்டும் சிரிக்காமல் என் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரிஸ்விக்குப் படிப்பு ஏறல்லதான் மகன். எண்டாலும் பைப்பத் திறந்துட்டுக் கத்தணும் எண்டு தெரிஞ்சிரிக்கே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆட்டம் ஏதாவது தொடங்கினால், என் மகள் முதலில் போய்க் குசினிப் பைப்பைத் திறந்து விட்டுவிட்டு வந்துதான் என் பக்கத்தில் உட்காருகிறாள்.