பூட்டு இன்னும் சரியாகவில்லை

பூட்டு சரியாகிவிட்டது. இனி எப்படி வெளியே போவது என்பதுதான் பூட்டுக்காரரின் கவலை.

பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரைக் கூடத்துப் பின்கதவு அது. காலையில் பராமரிப்பு அலுவலர் போன் செய்து, "உள்ள போனா வெளிய வர முடியல, வெளிய வந்தா உள்ள போக முடியல. என்னய்யா பூட்டு இது?" என்று கத்தியிருந்தார். பூட்டுக்காரர் வந்து, கதவடியில் குந்தி உட்கார்ந்து, பூட்டைக் கழற்றி, உள்ளே ஒடிந்து கிடந்த சாவித் துண்டை நிமிண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி நிமிர்ந்து பார்த்தால், கூடம் நிறைந்திருந்தது. மேடையில் குள்ளமான ஒரு பேராசிரியை கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தால் அது கிறீச்சிட்டு ஊரையே கூட்டும். கீலுக்கு எண்ணெய் விடும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் விடவில்லை. 'சரி, அந்தம்மா மூச்சு வாங்குறப்ப நழுவிடலாம்' என்று கடைசி வரிசையின் நுனியில் உட்கார்ந்தார்.

அந்தம்மா மூச்சு வாங்கவில்லை.

"நீங்க ராத்திரி பார்க்கிற அந்த வெளிச்சம் அங்கேர்ந்து கெளம்பினப்போ, உங்க தாத்தாவோட தாத்தா பொறக்கல. அந்த நட்சத்திரம் இப்ப உயிரோட இருக்கான்னுகூட நமக்குத் தெரியாது. ஆனா வெளிச்சம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு."

பூட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது.

ஏற்கெனவே அவர் பாதி மலைத்துப்போய்த்தான் உள்ளே வந்திருந்தார். முதலில் அந்த நுழைவாயில். இரண்டு லாரி ஒன்றாக நுழையலாம், அவ்வளவு அகலம். கதவே இல்லை! கீல் அடித்த தழும்புகூட இல்லை. தொழில் முறையில் அவருக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல். காவலாளியிடம் கேட்டதற்கு, "வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கட்டினாங்க. ஊர்ல வீட்டுக்கு ஒரு செங்கல் குடுத்து எழுப்பின இடம் இது. கதவு வச்சா, கல்லு குடுத்தவனையே வெளிய நிறுத்தின மாதிரி ஆயிடுமே!" என்றார். பார்த்தால் சுவரில் ஒரு செங்கல்லைப் போல இன்னொன்று இல்லை. சிவப்பு, கறுப்பு, முனை உடைந்தது, விரல் பதிந்தது. பூட்டுக்காரர் யாரும் பார்க்காதபோது ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

உள்ளே மரத்தடிக்கு மரத்தடி யாராவது யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தலை நரைத்த வாத்தியாரிடம், "நீங்க சொல்றது தப்பு சார்!" என்றாள். கடையில் அவரிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. இந்த வாத்தியாரோ முகமெல்லாம் மலர்ந்து, "எங்க, எப்படித் தப்புன்னு காட்டு!" என்று புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் மூச்சு விடுவதற்கே அனுமதி வாங்க வேண்டும்போல் இருந்தது. கூடத்தில் இருந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை வெளேரென்று பொடி. சாக்பீஸ்! மணிக்கட்டு வரை ஏற வேண்டுமென்றால் எத்தனை பலகை எழுதியிருப்பார்! பக்கத்தில் ஒரு அம்மா கண்ணை மூடியிருந்தார். ஆழ்ந்த சிந்தனை. நடுநடுவே மெல்லிய குறட்டைகூட வந்தது, அவ்வளவு ஆழம். இன்னொருவர் காலரில் கிரீஸ் கறை. ஏதோ இயந்திர ஆராய்ச்சி என்று புரிந்துகொண்டார். யாருக்கும் வருகைப் பதிவு எடுக்கவில்லை. இவர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்து எண்ணிப் பார்க்க எந்த வாத்தியாருக்குத்தான் துணிச்சல் வரும்!

"கடைசி வரிசை!" பேராசிரியையின் விரல் நேராக அவரை நோக்கி நீண்டது. "நீங்க சொல்லுங்க. பகல்ல நட்சத்திரமெல்லாம் எங்க போகுது?"

பூட்டுக்காரர் எழுந்தார். திருப்புளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயிடும்ங்க."

கூடம் சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "நல்ல பதில். ரொம்ப காலம் உலகமே அப்படித்தான் நெனச்சுது. எங்கயும் போறதில்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அடுத்த வாரம் வாங்க, பார்ப்போம்."

'வாங்க' என்றார். அவரைப் பார்த்து.

வகுப்பு கலைந்ததும் பூட்டுக்காரர் யாருமில்லாத கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பூட்டிலிருந்து சுருள்வில்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். முன்னால் கடை, பின்னால் வீடு. கடையை நிஜத்தில் நடத்துவது அவள்தான்.

"முடிஞ்சுதா?"

"எங்க! ஸ்பிரிங் போயிருக்கு. அடுத்த வாரம் போகணும்."

அடுத்த வாரம் ஸ்பிரிங் போட்டார். பூட்டின் நாக்கு தேய்ந்துவிட்டது என்றார். அதற்கடுத்த வாரம் நாக்கை மாற்றினார். கதவு இறங்கிவிட்டது என்றார். பிறகு கதவுநிலை கோணியது, சுவர் விரிந்தது.

"கதவு, நிலை, சுவரு…" மனைவி சாவி அறுக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். "அடுத்த வாரம் பூமியே சாஞ்சிருக்குன்னு சொல்லுவீங்களா?"

"சாஞ்சுதான் இருக்கு," என்றார் பூட்டுக்காரர், அன்று காலையில்தான் கேட்டுவந்த பரவசத்தில். "அதனாலதான் வெயில் காலமும் குளிர் காலமும் மாறி மாறி வருது."

மனைவி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

பராமரிப்பு அலுவலருக்கும் பொறுமை போனது. ஒருநாள் நேரிலேயே வந்து நின்றார். "வேணாம்யா. கதவையே பேத்துட்டு, கட்டைவிரல வச்சா திறக்கிற புதுப் பூட்டு போட்டுடறேன்."

புதுப் பூட்டு வந்தால் அடுத்த வாரம் கிடையாது. நிலாவைப் பற்றிப் பேராசிரியை பாதியில் விட்டிருந்தார்.

"ஐயோ, தொட்டுறாதீங்க சார்!" என்றார் பூட்டுக்காரர். "இது சாதாரணப் பூட்டுன்னா நெனச்சீங்க? இந்த இடத்தக் கட்டின காலத்துப் பூட்டு மாதிரி இருக்கு. இந்த மாதிரி இப்ப யாரும் செய்யறதில்ல."

உண்மையில் அது அவர் கடையிலேயே வாங்கியது, முந்தைய அலுவலர் காலத்தில். புது அலுவலர் குனிந்து பார்க்க வந்த அந்த நொடியில், உள்பக்கம் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பூட்டுக்காரர் நகத்தால் சுரண்டி, வேறு இடம் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்படியா!" அலுவலரின் குரல் தாழ்ந்தது. "கட்டின காலத்துப் பூட்டா?"

பூட்டுக்காரர் தலையாட்டினார். வாய் திறக்கும் நிலையில் இல்லை.

மறுவாரம் பின்கதவைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. 'தொடாதீர்கள்' என்று பலகை. தாடி வைத்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு தரையில் மண்டியிட்டிருந்தார்.

"இந்தக் கீறலப் பாருங்க!" என்றார் அவர், கண்கலங்கி. "ஒரு தொழிலாளியோட கை பதட்டத்துல வழுக்கியிருக்கு. எவ்வளவு துடிப்போட இந்த இடத்த எழுப்பியிருப்பாங்க!"

கை வழுக்கியது முதல் நாள். நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்ட கையோடு சுருள்வில்லைக் கழற்றியபோது.

"பல்கலைக்கழகம் தொடங்கின நாள் விழா வருதில்ல? இத மேடையில வைக்கிறோம்," என்றார் அலுவலர். "பூட்டப் பத்தி நீங்கதான் பேசணும். அழைப்பிதழ்ல 'நிபுணர்'னு போட்டாச்சு."

பூட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு ஒரு கல் என்று உண்மையாகக் கொடுத்து எழுப்பிய இடத்தில், தான் ஒரு பொய்யைக் கொண்டுவந்து மாட்டிவிட்டோமே என்று உறுத்தியது. மனைவி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. அங்க பூட்டு மட்டும்தான் இருக்கா, வேற யாராச்சும் இருக்காங்களா?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவரும் அன்றுதான் முடிவு செய்திருந்தார்.

"ஒரு அம்மா இருக்காங்க."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்க பேச ஆரம்பிச்சா எனக்கு நேரம் போறதே தெரியல. வாரம் பூரா அதே நெனப்பாவே இருக்கு. அவங்க வாங்கன்னு சொல்றாங்க, போகாம இருக்க முடியல."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக மெதுவாக வைப்பவள், அன்று வைத்த சத்தத்தில் தெருநாய் குரைத்தது. திரும்பி வந்து சொன்னாள்: "நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் கடையைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் வந்தாள். கதவில்லாத நுழைவாயிலைப் பார்த்து ஒரு கணம் நடை தளர்ந்தது; உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். கடைசி வரிசையில் கணவனுக்கும் குறட்டைச் சிந்தனையாளருக்கும் நடுவில் உட்கார்ந்து, மேடையை முறைத்தாள்.

"இதுதான் அந்த அம்மாவா?"

"ஷ்ஷ்."

பேராசிரியை அன்று இரும்பைப் பற்றிப் பேசினார்.

"நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு. வீட்டு ஆணியில, சட்டியில, சாவியில இருக்கு. அது இந்தப் பூமியில உண்டானதில்ல. நட்சத்திரத்துக்குள்ள மட்டும்தான் அதுக்கு வேண்டிய சூடு உண்டு. ரொம்பப் பெரிய நட்சத்திரம் ஒண்ணு, உயிர் போகிற நேரத்துல வெடிச்சு, தன்னோட இரும்பையெல்லாம் இருட்டுல வாரி இறைச்சுது. அப்படி எத்தனையோ நட்சத்திரம். அது தூசா அலைஞ்சு, சேர்ந்து, பூமியாச்சு. உங்க வீட்டுச் சாவியக் கையில எடுத்துப் பாருங்க. நட்சத்திரத்தோட துண்டு அது."



பூட்டுக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரேகைகளில் அரத்தூள் கறுப்பாகப் படிந்திருந்தது. தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற அழுக்கு. இத்தனை வருஷமாக எதைக் கழுவிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து, விரல்களை மெல்ல மூடிக்கொண்டார்.

பக்கத்தில் மெல்லிய ஓசை. மனைவி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பறவைக் குஞ்சை வைத்திருப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"ஏங்க… நிஜமாவா?"

"நிஜம்தான்."

"இதக் கேக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"பாவி மனுஷா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்லயே சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல!"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எழுந்து நின்றார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நான் இங்க படிக்கிறவன் இல்ல. பூட்டு ரிப்பேர் பண்ண வந்தவன். எனக்கு இங்க உட்கார எந்த உரிமையும் கெடையாது."

பேராசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். "பூட்டுதான் இன்னும் சரியாகலையாமே?"

"மொத நாளே சரியாயிடுச்சுங்க. நான்தான் வாரா வாரம் கெடுத்தேன்."

"அது கட்டின காலத்துப் பூட்டு இல்லையா?"

"எங்க கடைப் பூட்டுங்க."

"ஒண்ணு வாங்கினா ஒரு சாவி இலவசம்," என்றாள் மனைவி, பழக்க தோஷத்தில்.

பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. பூட்டுக்காரர் காது மடல்வரை சிவந்து, கருவிப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்று மனைவியின் கையைப் பிடித்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, மணிக்கட்டு வரை வெள்ளையாயிருந்த கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்கண்ணே, நான் பேக்கரியில மாவு பிசையிறவன், இந்தக் காலை வகுப்பு நம்மள மாதிரி வெளியாளுங்களுக்குன்னே இந்த எடத்தக் கட்டின அன்னைக்கு எழுதி வச்சது, படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் மத்தியானம்தான்!"