கேசரிக்கு உப்பாத ஜெல்

வேங்கிக்கால்,
20.11.2003

அன்பு மகள் வேதாவுக்கு அப்பா ஆதிமூலம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அம்மா சுகம், நான் சுகம், ரிப்பேர் பண்ணிய மோட்டாரும் சுகம். பெங்களூர்க் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் லேபுக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். நிற்க. இது உன் ஆராய்ச்சியின் மேல் நான் கொடுக்கும் புகார்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது ஒரு டப்பாவில் ஜெல் வில்லைகள் கொண்டுவந்தாய். குளுக்கோஸ் பொடி கரைத்த தண்ணீரில் ஒன்றைப் போட்டாய். துவரம்பருப்பு அளவு இருந்தது கொண்டைக்கடலை அளவுக்கு உப்பியது. இன்னும் ஆராய்ச்சிதான், ஒரு காலத்தில் இதைத் தோலுக்கடியில் வைத்தால் சுகர் ஏறுவதைக் காட்டிக்கொடுக்கும், உள்ளே இன்சுலினை வைத்தால் வேண்டிய நேரத்தில் தானே விடும் என்றாய். அந்த டப்பாவை நீ தொலைக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை நீ போனில் கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான்தான்.

சுகருக்கு நன்றாக நடங்கள் என்று டாக்டர் சொன்னாரே என்று பௌர்ணமிக்கு என் சிநேகிதன் தசரதனோடு கிரிவலம் போனேன். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். வழியெல்லாம் அன்னதானம். அடி அண்ணாமலையில் ஒரு பந்தலில் சுடச்சுடக் கேசரி. சாமி பேரைச் சொல்லிக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிம்மா சொல்றது? ஆனாலும் நான் பொறுப்பான மனுஷன். டம்ளர் தண்ணீரில் கேசரியைக் கரைத்து, உன் வில்லையைப் போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உப்பவே இல்லை. அப்படியென்றால் சர்க்கரை இல்லை என்றுதானே அர்த்தம்? நான் மூன்று தொன்னை சாப்பிட்டேன். தசரதனும் சுகர்காரன்தான், உன் படிப்பு மேல் பாரத்தைப் போட்டு அவன் நாலு சாப்பிட்டான். மறுநாள் காபியிலும் போட்டுப் பார்த்தேன், அதுக்கும் உப்பலை. ஒரு மாசமா ரெண்டு ஸ்பூன் சர்க்கரை ஜாஸ்தியாவே போட்டுக் குடிச்சேன்.

கிரிவலத்தில் கால் கட்டைவிரலில் கல் குத்தின புண் மட்டும் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகர் முந்நூற்று நாற்பதாம். இன்சுலின் ஊசி போடாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்கிறார் டாக்டர். மெஷின் தப்பு, என் மகளுடைய ஜெல்தான் சரி என்று வாதாடினேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு என்று நான் சிறுநீர் பிடித்து வைத்த பாட்டிலில் உங்க அம்மா சரசு ஒரு வில்லையைப் போட்டுவிட்டாள். பாவி ஜெல்லு, கொண்டைக்கடலையைத் தாண்டிப் போச்சு. அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் டிவி மேலே வைத்துவிட்டு, "உங்க பொண்ணு பண்ணது பொய் சொல்லாதுனு ஒரு மாசமா நீங்கதானே சொல்றீங்க?" என்றாள். இப்போது செய்தி பார்க்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நீ அம்மாவுக்குப் போனில் விளக்கினாயாம். ஜெல்லுக்குக் குளுக்கோஸைத்தான் தெரியுமாம், சர்க்கரையைத் தெரியாதாம், வயித்துக்குள்ள போய் உடைஞ்சு குளுக்கோஸ் ஆன பிறகுதான் அடையாளம் தெரியுமாம். இதை டப்பா மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா? முப்பத்திரண்டு வருஷம் பத்திர ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன், நாலு எல்லையும் எழுதாத பத்திரத்தை எவனும் பதிய மாட்டான். ஆகவே, அந்த ஜெல்லை வீட்டு விவகாரங்களில் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று உங்க லேப் சீல் போட்டு அம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பு. ஊசி என் உடம்பில் ஏறாது. இதில் மாற்றமில்லை.

உனக்கு நீண்ட ஆயுளையும் உன் ஜெல்லுக்கு நல்ல புத்தியையும் அருணாசலேஸ்வரர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: லேப் கடிதம் வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து பால் வாங்கப் போகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். விரல் போயிடுமோனு பயமா இருக்கும்மா. அம்மாகிட்ட இதைச் சொல்ல எனக்கு மூஞ்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, ஊசி போட்டே ஆகணும்னு என்னை நல்லா திட்டு. அம்மா பக்கத்தில் இருப்பாள், சத்தமாகத் திட்டு. நான் பத்து நிமிஷம் முடியாதுன்னு சொல்லிட்டு, உனக்காக ஒத்துக்கிறேன்.