பாகலூர் வெங்கடப்பாவுக்கு ஒரு பூப்பல்லக்கு

ஒரு மனிதருக்குப் பாராட்டு விழா எடுப்பது சுலபம் என்று சொல்பவர்கள் எடுத்துப் பார்த்ததில்லை. நான் எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு யாரும் என்னை எடுக்க விடவில்லை (என் சொந்தக் கல்யாணத்திலேயே எனக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை).

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பர்சனல் டிபார்ட்மென்டில் பயிற்சியாளனாக இருந்தேன். சொந்த ஊரான ஊத்தங்கரையில் பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் பெண்ணின் அப்பா, "வேலை பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் தட்டு மாத்திக்கலாம்" என்று நிறுத்தி வைத்திருந்தார். ஆக, என் வேலை, கல்யாணம் இரண்டும் எங்கள் மேனேஜரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

கம்பெனி ஆண்டு விழா வந்தது. சுற்றுவட்டாரத்தில் நூறு வயது கண்ட ஒருவரை மேடையேற்றி முதலாளி கையால் பொன்னாடை போர்த்துவது என்று மேனேஜர் முடிவு செய்தார். "இதை மட்டும் ஒழுங்கா முடி. உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

பாகலூரில் வெங்கடப்பா கிடைத்தார். சொந்த நிலத்தில் ராகி போட்டுச் சாப்பிடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், என்னைப் போன்ற கம்பெனி ஆட்களிடம் தமிழ். "வரேன். ஆனா வெயிலுக்கு முன்னாடி திருப்பிக் கொண்டாந்து உட்டுறணும்" என்று ஒப்புக்கொண்டார். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். பெரியவரை வீட்டு வாசலிலிருந்தே மேளதாளத்தோடு அழைத்து வர வேண்டும் என்பது என் சொந்த யோசனை.

ஓசூர் மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்குப் போனேன்.

"பாகலூர் வெங்கடப்பாவுக்கு மாலை வேணும். பெருசா. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரணும். நூறு வயசுப் பெரியவரு, குறை வெச்சுடாதீங்க."

கடைக்காரர் உச்சுக் கொட்டினார். "குடுத்து வெச்சவரு. பேண்டு செட்டு?"

"கண்டிப்பா."

"வெடி?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர் எவ்வளவு ஈடுபாட்டோடு கேட்கிறார் என்று நெகிழ்ந்துபோய், "போடுங்க" என்றேன்.

"பூப்பல்லக்கு? படுக்க வெச்சா, உக்கார வெச்சா சார்?"

"உக்கார வெச்சுத்தான். ஆனா வயசானவரு, சாஞ்சுடாமப் பாத்துக்கணும்."

"அதெல்லாம் நாங்க கட்டிருவோம் சார்."

"கட்டல்லாம் வேணாங்க. ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சுக்குவாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சா? பாகலூர் வழியாப் போற மாலூர் பஸ் கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், வழியெல்லாம் சொல்லிருவாரு" என்றார். போன் இல்லாத கிராமங்களுக்கு அப்போது கண்டக்டர்தான் தந்தி. நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "பாகலூர் வெங்கடப்பாவுக்கு நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு" என்று சொன்னேன். கண்டக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

ஊத்தங்கரையில் பிறந்தவனுக்கு, நூறு வயதுக்காரர் வீட்டுக்கு பேண்டு, வெடி, பூப்பல்லக்கு எல்லாம் என்றைக்குப் போகும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். கல்யாணச் சாவு எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனால் டை கட்டிய நாளிலிருந்து மூளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை.

மறுநாள் கம்பெனி வேனில் போய் இறங்கினால், தெரு முழுக்கச் சாமந்திப்பூ. பேண்டு வெளுத்து வாங்குகிறது. வாசலில் பல்லக்கு. ஒரு விநாடி என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குள் மாலூர் பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் மூன்று பாஷைகளிலும் ஒப்பாரி வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

வெங்கடப்பா வாசலில் உட்கார்ந்து ராகிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் என்னைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சார், எங்கப்பா இருக்காரு சார்."

"தெரியுங்க."

"ஊருக்குத் தெரியலயே சார்."

ஒப்பாரிக் கூட்டத்தின் முன்னால் வந்த அம்மாள் பெரியவரைப் பார்த்ததும், மாரில் அடித்த கை அப்படியே நின்றது. மாலூரில் கட்டிக்கொடுத்த மகள். நிலத் தகராறில் கோபித்துக்கொண்டு போய், வருடக்கணக்காக இந்தப் படி மிதிக்காதவள். பெரியவர் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நான் போனாத்தான் வருவியா?" என்று தெலுங்கில் கேட்டார்.

அந்த அம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்து, இந்த முறை நிஜமாகவே அழுதாள். பேண்டுக்காரர் கிளாரினெட்டை இறக்கிவிட்டார். என் டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நானும் கண்ணைத் துடைத்தேன். பிறகுதான் மணியைப் பார்த்தேன். முதலாளி மேடைக்கு வரும் நேரம்.

"இத்தன ஜனம் என்னப் பாக்க வந்திருக்கு. இவங்கள உட்டுட்டு நான் எதுக்கு ஃபேக்டரிக்கு வரணும்? உங்க மொதலாளிய இங்க வரச் சொல்லு" என்று பெரியவர் சொல்லிவிட்டார். போஸ்ட் ஆபீஸுக்கு ஓடி, மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், அவரால வர முடியாது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். ஒரு சாவு வீட்டுல இருக்காரு."

"யாரு செத்தது?"

"அவருதான் சார்."

மேனேஜர் கத்தி முடித்த பிறகு, பெரியவர் முதலாளியை இங்கே வரச் சொன்னதையும் சொன்னேன்.

முதலாளி நல்ல மனிதர், காரிலேயே வந்துவிட்டார். பெங்களூர்க்காரர், இந்த வழக்கமெல்லாம் தெரியாது. பொன்னாடை போர்த்தி முடித்ததும், "எவ்வளவு அழகான ஆசனம், பெரியவரை இதில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்கலாமே" என்றார். "எனக்கு அவசரமில்ல, நீங்க உக்காருங்க" என்றார் வெங்கடப்பா. முதலாளி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் பேண்டு மறுபடி தொடங்கியது.

பயிற்சிக் காலத்தை மேலும் ஒரு வருடம் நீட்டித்து மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பெண்ணின் அப்பா வேறு இடம் பார்க்கக் கிளம்பினார். ஆனால் கதை கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த பெண், "ஒரு வருஷம்தானே, இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்ன அந்த வார்த்தைக்காக இன்றுவரை பயந்து நடக்கிறேன்.

வெங்கடப்பா அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். மாலூர் மகள் அடிக்கடி வந்துபோனாள். கடைசியில் அவர் உண்மையாகவே போனபோது, மாலூர் பஸ்ஸில் சேதி சொன்ன கண்டக்டரிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நிஜமாவா, கம்பெனியா?" பாதிப் பேர் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்கள். நான் தெருமுனையில் நின்று, "நிஜந்தாம்மா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அழ வைத்தேன். அந்த மகளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி தங்கிவிட்டது. பையன் பரீட்சையில் பாஸ் என்றாலும், சம்பந்தி வருகிறார் என்றாலும் அதைக் கேட்காமல் நம்ப மாட்டார்கள். போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மனைவி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, நிஜமாவா, கம்பெனியா?"

நல்லவேளையாகப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. "கம்பெனி" என்றேன்.