காற்றடிக்கும் தீவிலிருந்து பெரிய ஓர்ப்படிக்கு

சியோல் நகரத்தில் மின்தூக்கி வைத்த வீட்டில் சௌக்கியமாக வாழ்ந்துவரும், நம் குடும்பத்தின் மூத்த மருமகளாகிய பெரிய அக்கா அவர்களுக்கு, ஹேநாம் கிராமத்துச் சின்ன மருமகள் தோவா இடுப்பு வளைய வணங்கி எழுதிக்கொண்டது. உங்கள் வீட்டுப் பெரியவரின் முதுகுவலி தேவலையா? பிள்ளை படிக்கிறானா? சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின வாரம் உங்களுக்கு ஒரு தலைவலி வருமே, அது இந்த வருஷமும் வந்துவிட்டதா? வந்திருந்தால் தயவுசெய்து சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். இந்தப் பௌர்ணமிக்கு மறைந்த மாமனாருக்கு வைக்கும் படையலை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

நாங்கள் தொல்மோரித் தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மோக்போவில் கப்பலேறி, குடல் வாய்க்கு வருகிற வரை போய், அதற்கு மேலும் போனால் வருகிற தீவு இது. காற்று எச்சரிக்கை கொடுத்துக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று கேட்டால் இந்த ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில், "கடல் மனசு வெச்சா வரும்" என்கிறார். நம் அத்தையும் என்னோடுதான் இருக்கிறார். ஆகவே இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பண்டிகையன்று அடுப்படியில் நான் இருக்கப்போவதில்லை. என் வீட்டுக்காரரை நம்பிவிடாதீர்கள். அவருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், அணைக்கத் தெரியாது. வழக்கமாக நீங்கள் சாலை நெரிசலில் சிக்கி, எல்லாவற்றையும் நான் பரப்பி முடித்த பிறகு உள்ளே வந்து, "ஐயோ, எனக்குன்னு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலையா?" என்று வருத்தப்படுவீர்கள். இந்த வருஷம் எல்லா வேலையும் மிச்சம் இருக்கிறது.

போனில் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். என் போன் கடலில் விழுந்துவிட்டது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். மற்றவர்களிடம் வாங்கிப் பேசலாம்தான். ஆனால் போனில் பேசினால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பயணத்தை நான் கேட்கவில்லை அக்கா. எல்லாம் மாதர் சங்கத் தலைவி மால்சுன் அக்காவின் வேலை. "மொளகா பறிச்சாச்சு, பூண்டு நட இன்னும் நாளிருக்கு. பண்டிகை வந்தா முதுகு ஒடியும். அதுக்கு முன்ன ஒருதரம் காலை நீட்டி உக்காந்துட்டு வருவோம், வாங்கடி" என்று கிளப்பிவிட்டார். படையலுக்கு இவ்வளவு கிட்டத்தில் வேண்டாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அத்தை புதுத் தொப்பியோடு வாசலில் நின்றார். பேருந்து ஊர் எல்லையைத் தாண்டவில்லை, வண்ண விளக்கைப் போட்டு எல்லோரும் இருக்கைகளுக்கு நடுவே நின்று ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. "தோவா, உங்க வியட்நாம் பாட்டு ஒண்ணு எடுத்து விடு!" எனக்கு எந்தப் பாட்டு அக்கா ஞாபகம் இருக்கிறது? இத்தனை வருஷமாக நானும் இவர்களோடு சேர்ந்து இவர்கள் பாட்டைத்தானே பாடிக்கொண்டிருக்கிறேன்! விடமாட்டோம் என்றார்கள். வாயில் வந்ததை இழுத்து ராகமாகப் பாடினேன். உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பாவம், ஊர் ஞாபகம் வந்துட்டுது புள்ளைக்கு" என்றார் ஒருவர். நான் பாடியது எங்கள் அம்மா மீன் குழம்பு வைக்கும் முறை. மீனை எப்போது திருப்ப வேண்டும் என்கிற இடத்தில்தான் ரொம்ப அழுதார்கள்.

மோக்போ துறைமுகத்தில் அடையாள அட்டை இல்லாமல் ஏற்றமாட்டோம் என்றார்கள். எங்கள் கூட்டத்தில் அட்டை வைத்திருந்தவள் யார் தெரியுமா? நான் ஒருத்திதான். வந்த புதிதில் எங்கே போனாலும் எடு எடு என்று கேட்டதில் பழகிவிட்டது, குளிக்கப் போனால்கூட எடுத்துப் போவேன். மற்றவர்கள், "நம்ம நாட்டுல நம்மள யாரு கேப்பா?" என்று வெறுங்கையோடு வந்திருந்தார்கள். பெருவிரலை வைத்தால் சீட்டு அடித்துத் தரும் இயந்திரம் அங்கே உண்டு. ஆனால் பூண்டு பிடுங்கிப் பிடுங்கி இவர்கள் விரலில் ரேகையே இல்லை. வைக்க வைக்க அது, மறுபடி வையுங்கள் மறுபடி வையுங்கள் என்றது. அத்தை விரலை நக்கி வைத்தார், பாவாடையில் தேய்த்து வைத்தார், கடைசியில் அதன் மண்டையில் ஒன்று போட்டு, "என்னைத் தெரியலையாடா உனக்கு?" என்றார். துறைமுகப் போலீஸ்காரர் வந்து பிறந்த தேதியையாவது சொல்லுங்கள், கணினியில் பார்க்கிறேன் என்றார். ஒவ்வொருவரும் சந்திரக் கணக்குத் தேதியைச் சொன்னார்கள். பதிவில் இருப்பது வேறு தேதி. அத்தையின் அப்பாவோ, பிள்ளை தங்குமா என்று பார்த்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் பதிந்திருக்கிறார். இவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வருவது நான்தானே, எல்லோருடைய பதிவுத் தேதியும் எனக்கு மனப்பாடம். வரிசையாக ஒப்பித்தேன். போலீஸ்காரர் என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க எல்லாம் கொரியாக்காரங்கதான்னு நீங்க உறுதி சொல்றீங்களா?" என்றார். சொன்னேன். நன்றி என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. "சீக்கிரம் சொல்லியிருந்தா ஜன்னல் பக்கம் எடம் புடிச்சிருக்கலாம்" என்றார் மால்சுன் அக்கா.

கடலைப் பற்றி எழுதமாட்டேன். கையில் பை பிடித்தபடி வாந்தியெடுத்த கதையைச் சொல்லிப் பெரியவர்களை வணங்குவது முறையில்லை.

தீவில் எங்களுக்கு அறை கொடுத்த வீட்டம்மா நல்லவர். புளிக்கவைத்த திருக்கை மீனைப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்தார். அந்த வாடையிலேயே எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. தட்டு என் பக்கம் வரும்போது அவர் கையை நிறுத்தி, அத்தையைப் பார்த்து, நான் அங்கே இல்லாதது போலக் கேட்டார்: "இந்தப் பொண்ணு கிம்ச்சியாவது திங்குமா?" அக்கா, நம் ஊரில் பாதி வீட்டு ஜாடியில் ஊறுகிற கிம்ச்சி என் கைப்பக்குவம். அத்தை பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அத்தை வாயில் மீன் இருந்தது. "அதுக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடுத்துருங்க" என்றார் மால்சுன் அக்கா, என் பங்குத் திருக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. அன்றிலிருந்து காலை, மதியம், இரவு எனக்கு முட்டை. திருக்கையும் நண்டும் அபலோன் சிப்பிக் கஞ்சியும் என் மூக்குக்கு நேராகப் போய் அவர்கள் வாய்க்குள் இறங்குகின்றன. நான் இந்த ஊர்ப் பேச்சில் கத்திச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அடேயப்பா, எவ்வளவு நல்லாப் பேசுது!" என்று வீட்டம்மா மெச்சி, இன்னொரு முட்டை கொண்டுவந்தார்.

போன் கதைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலாற நடக்கப் போனோம். பாறையில் ஒட்டியிருந்த சிப்பியைப் பார்த்ததும் இவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? காலை நீட்டி உட்கார வந்தவர்கள் குந்தி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, அதில் சிப்பியை நிரப்ப ஆரம்பித்தார்கள். அந்தக் கரை தீவு மக்களின் கூட்டுச் சொத்து, வெளியாள் ஒரு பாசியைக்கூடக் கிள்ளக்கூடாது. இது எனக்குத் தெரியும், சொன்னேன். "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்" என்றார்கள். உடனே மலைமேல் ஒலிபெருக்கி கரகரத்தது. "கரையில இருக்கற தொப்பிக்கார அம்மாங்க, எடுத்ததை எடுத்த எடத்துல வெச்சிருங்க! தொப்பி போடாத அம்மா, நீங்களும்தான்!" ஊர்த்தலைவர் நேரிலேயே இறங்கி வந்துவிட்டார். எல்லாத் தொப்பிகளும் எப்படியோ என் காலடிக்கு வந்து சேர்ந்திருந்தன. மால்சுன் அக்கா என் தோளில் கைவைத்து, தேன் ஒழுகும் குரலில், "மன்னிச்சிருங்க தலைவரே, வெளிநாட்டுப் பொண்ணு, நம்ம பழக்கம் தெரியாமப் பண்ணிட்டா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடலையே தூக்கி இவர்கள் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் இந்த அத்தனை பேருடைய மானமும் என் முதுகில் இருந்ததே! குனிந்து மன்னிப்புக் கேட்டேன். குனிந்தபோதுதான் சட்டைப் பையிலிருந்து போன் நழுவிப் போனது. அவர்கள் தலை நிமிர்ந்து கஞ்சி குடிக்கப் போனார்கள், நான் ஒவ்வொரு சிப்பியாகப் பாறையில் திருப்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம்தான் காற்று கிளம்பியது.

சரி, என் பாடு கிடக்கட்டும். உங்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே இருந்துவிட்டீர்கள், தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. படையலில் பீச் பழம் வைக்காதீர்கள். அதைக் கண்டால் ஆவி உள்ளே வராது, மாமனார் வாசலோடு திரும்பிவிடுவார். பூண்டும் மிளகாயும் எதிலும் கூடாது. மீனின் தலை கிழக்கே இருக்க வேண்டும், கிழக்கு எது என்று என் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். அரிசிக் கொழுக்கட்டையைக் கடையில் வாங்கிவந்து தட்டை மாற்றி வைத்தால் பெரியவருக்குத் தெரியாது, மாமனாருக்குத் தெரியும். சேப்பங்கிழங்கை உரிக்கும்போது கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பண்டிகை முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். முதல் வருஷம் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு திடமாக இருக்கட்டும், பெரியவருக்குச் சம்பளமும் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் நிலவோடு சேர்ந்து வளரட்டும், உங்கள் கையால் திருப்பும் பணியாரம் ஒன்றுகூடக் கருகாமல் இருக்கட்டும் என்று காற்றுக்கும் அலைக்கும் நடுவிலிருந்து வேண்டிக்கொள்ளும்,

உங்கள் ஓர்ப்படி,
தோவா

பின்குறிப்பு: உங்களிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. காற்று நின்றுவிட்டது. இன்று காலை கப்பலும் வந்துவிட்டது. மூட்டை முடிச்சோடு எல்லோரும் துறைக்கு வந்தோம். கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. முதலில் ஏற வேண்டிய அத்தை அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு, "காத்து பலமா இருக்கு. நான் ஏறல" என்றார். "அத்தை, படையல்?" என்றேன். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்ப என்னை ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போனாரா? இந்த ஒரு வருசம் மூத்த மருமக கையால தின்னு பாக்கட்டும். எழுது, நான் சொன்னேன்னே எழுது" என்றார். மால்சுன் அக்கா வானத்தைப் பார்த்து, "காத்துதான்" என்றார். பின்னால் நின்றவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, "ஆளையே தூக்குதுடி" என்றாள். அக்கா, அந்தத் துறையில் நின்ற ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு வீட்டு மருமகள், ஒவ்வொருத்திக்கும் ஓர் அடுப்பு காத்திருந்தது. கப்பல்காரர் பொறுமையிழந்து என்னிடம் வந்தார். "அம்மா, நீங்க வெளிநாட்டுக்காரங்க, இவங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டீங்க. நீங்களே சொல்லுங்க, காத்தடிக்குதா?" எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "புயலுங்க" என்றேன். மால்சுன் அக்கா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கப்பல் எங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறது. இந்தக் கடிதத்தை அந்தக் கப்பல்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன்.