டென்னிஸின் ஒன்பது மடிப்பு

ஃப்ரெடியைக் கூப்பிடக் கூடாது. உயிரே போனாலும் கூடாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, காலடிப்பேட்டை மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியில் நின்று டென்னிஸ் இப்படிச் சபதம் எடுத்தார். எதிரே துணி உலர்த்தும் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியதே தவிர, சூடு இல்லை. உள்ளே மகள் மகிமாவின் வெள்ளை கவுன். மறுநாள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவள் போட வேண்டியது. வெளியே மழை. மழை விட்டாலும் மொட்டை மாடியை நம்ப முடியாது. சுற்றியுள்ள கம்பெனிப் புகையில், அங்கே காயப்போட்ட வெள்ளைத் துணிக்கு வருஷம் முழுக்கச் சாம்பல் புதன்தான்.

ஃப்ரெடி என்பவன் மனைவி ரெஜினாவின் தம்பி. தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் மிக்சி ஓடவில்லை என்று வந்து பார்த்தவன், "பிளக்க சொருவணும் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். சும்மா போகவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம், ஓர் அடக்கம், எல்லாவற்றிலும் அந்தக் கதையைப் பரிமாறினான். நாளைக்குப் புதுநன்மை விருந்து. நூறு பேர் வருவார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள சூடு வர்லன்னா தம்பிக்கு போன் போட்ருவேன்" என்றாள் ரெஜினா.

"யாருகிட்ட சொல்ற? இறால் ஏத்திக்கினு போற குளிர் கன்டெய்னர் ஒரு நாளிக்கு நாப்பது ரிப்பேர் பாக்கறவன் நானு!"

"அதான் பயமா கீது. நீங்க தொட்டா எல்லாம் ஜில்லுனு ஆயிடுது."

டென்னிஸ் அசரவில்லை. கன்டெய்னர் யார்டில் அவருக்கு ஒரு வேதம் உண்டு. லிஸ்ட். கோளாறு எதுவானாலும், பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதுவார். முதல் வரி மட்டும் தெரியும்படி தாளை மடித்துக்கொள்வார். அந்த வேலை முடிந்தால்தான் அடுத்த மடிப்பைப் பிரிப்பார். கண் அடுத்த வரிக்கு ஓடினால் கை ஒரு வேலையைத் தாண்டிவிடும் என்பது அவர் கட்சி. இருபது வருஷத்தில் ஓர் இறால்கூட அவர் கையில் கெட்டதில்லை.

"எழுது ரெஜினா. ஒண்ணு, பிளக்கு." ஃப்ரெடியை நினைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு, பஞ்சு புடிக்கிற வலை. மூணு, காத்துக் குழாய்..."

யார்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியபோது தாள் அழகாக மடிந்து தயாராக இருந்தது.

"மிச்சத்த நானே எழுதிட்டேன். தெனம் வூட்ல ஒங்க வேலையப் பத்திதான பேசிக்கினு கீறீங்க, எனக்குத் தெரியாதா?"

பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்று டென்னிஸ் நெகிழ்ந்து போனார்.

பிளக் சரி. வலையில் புறாக்குஞ்சு அளவுக்குப் பஞ்சு, எடுத்தார். சூடு இல்லை. குழாயை ஊதினார். சூடு இல்லை. நான்காம் மடிப்பைப் பிரித்தார். 'சமையல்கட்டு சுவிட்சு.' ஆறு வருஷமாக ஷாக் அடிப்பது. மாற்றினார். ஐந்து: 'பாத்ரூம் ஃபேன்.'

"ஏய், பாத்ரூம் ஃபேனுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"நான் இன்னா மெக்கானிக்கா? ஈரக் காத்து வெளிய போவ வேணாமா? லிஸ்ட்ல கீது."

லிஸ்ட்டில் இருந்தது. கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினார். ஆறு: 'மெஷினோட வந்த புத்தகம், பரணில் தேடவும்.' பரண் முழுவதும் கீழே இறங்கியது. உடைந்த நடைவண்டி, பதினோரு காலி அட்டைப்பெட்டி, கிறிஸ்துமஸ் குடிலின் காலில்லாத ஒட்டகம். புத்தகம் மட்டும் இல்லை. ஏழு: 'பால்கனியில் ஆடும் டைல்ஸ்.' மெஷின் சமமாக நிற்க வேண்டுமே! சிமென்ட் குழைத்தார். எட்டு: 'பால்கனிக் கம்பி, துரு, பெயின்ட்.'

"இதுவுமா?"

"கம்பில துரு இருந்தா கரண்ட் லீக் ஆவுமாமே."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான். கல்யாணமான புதுசுல."

மழையும் விட்டிருந்தது. டென்னிஸ் கம்பியைத் துடைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தார்.

மணி நாலே முக்கால். தலையில் பரண் தூசி, கையில் சிமென்ட், மீசையில் பச்சை பெயின்ட். மனசில் மட்டும் தளர்ச்சி இல்லை. ஒன்பதாவது மடிப்பைப் பிரித்தார்.

'திருகுற பட்டனை கூல்லேருந்து ஹாட்டுக்குத் திருப்பவும்.'

திருப்பினார். அரை நிமிஷத்தில் கண்ணாடிக் கதவு கதகதவென்று சுட்டது.

"இது... ஒனக்கு எப்பத் தெரியும்?"

"காலைல எட்டரைக்கே. ஆட்டோ தொடைக்கிற மாதிரி தெனம் மெஷின தொடைக்கிறீங்களே, அப்ப ஒங்க கைதான் திருப்பிச்சு."

"அடிப்பாவி! பாப்பா கவுனு காயாம பூட்டிருந்தா?"

"நீங்க சுவிட்சு மாத்திக்கினு இருக்கசொல்ல எதிர்வூட்டு சபீஹாக்கா மெஷின்ல காய வச்சிட்டேன். இதுல சுத்துறது ஒங்க லுங்கி."

"அப்ப அந்த புக்கு?"

"அரிசி டின்னுக்கு அடில பத்திரமா கீது."

டென்னிஸ் புதிதாகப் பதித்த டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது ஆடவில்லை.

"மேல மூணு வரி நீங்க சொன்னது" என்றாள் ரெஜினா. "கடைசி வரி இன்னிக்கி தோணுனது. நடுவுல கீறது மட்டும் ஆறு வருசமா வாயால சொல்லிக்கினு இருந்தது. எழுதிக் குடுத்தாதான் செய்வீங்கன்னு தெரியாம பூடுச்சு."

கோபப்பட நேரமில்லை. விடிந்தால் விருந்து, நூறு பேர், நடுவில் ஃப்ரெடி. டென்னிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"ரெஜினா, ஒன் தம்பிக்கு மட்டும் இது தெரியக் கூடாது."

"சே, நான் எதுக்குங்க சொல்லப் போறேன்?" என்றபடி அவள் தாளை வாங்கினாள். பின்பக்கம் திருப்பி ஏதோ எழுதினாள். அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

டென்னிஸ் பத்தாவது மடிப்பைப் பிரித்தார்.

'ஹால் சுவர், ரெண்டு கோட்டிங்.'