பத்து பலூன்

ராஜ்குமார் எறிந்த முதல் மூன்று அம்புகளும் ஒரு பலூனைக்கூடத் தொடவில்லை. மாமனார் கண்ணையன் தொண்டையைக் கனைத்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தின் இரைச்சலிலும் அந்தக் கனைப்பு தெளிவாகக் கேட்டது.

திண்டிவனத்தில் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு அம்பெறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் முழுநேர வீரனாகப் போகிறேன் என்று அவன் வாயைத் திறந்ததுதான் வம்பு. மாவட்ட சாம்பியன் கோப்பை வீட்டில் டிவி பக்கத்தில் இருக்கிறது. ராஜினாமா கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. சாமி கும்பிட்டு வெளியே வந்தால், எதிரிலேயே பலூன் கடை.

"பத்து பலூன் உடைங்க மாப்ளே. லெட்டரை நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார் கண்ணையன்.

"கடை அம்பு கோணல் மாமா" என்று ராஜ்குமார் தன் சொந்த அம்புகளை உறையிலிருந்து எடுத்தான். பலூன்காரர் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"இருபத்திமூணு கிராமா தம்பி?"

"ஆமாமா, குடுங்க ஜல்தி."

அம்பு நேராகத்தான் போனது. தொளதொளவென்றிருந்த பலூன் நெளிந்து வழிவிட்டது.

"கிட்ட நின்னதுதான் தப்பு." போட்டி விதிப்படி எட்டடி தூரத்துக்குப் பின்னால் போனான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்த அம்பு, குறுக்கே போன பஞ்சுமிட்டாயில் சொருகி நின்றது. மிட்டாய்க்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"போதுங்க, எல்லாரும் சிரிச்சிக்கினு இருக்காங்க" என்றாள் மனைவி கலைப்பிரியா.

"இரு, காத்து அடிச்சிக்கினு இருக்குது. நிக்கட்டும்."

காற்று நின்றது. கடைசி அம்பு பரிசு வரிசையில் இருந்த கரடி பொம்மையின் மூக்கில் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. அதைத்தான் நம் சாம்பியனால் தாங்க முடியவில்லை.

வேர்க்கடலை கொறித்துக்கொண்டே கண்ணையன் கையை நீட்டினார். "லெட்டரைக் குடுங்க மாப்ளே. மல்லாட்டை மடிக்க ஆவும்."

ராஜ்குமாருக்கு அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்கப் பலூன்காரர் மேல் பாய்ந்தான்.

"யோவ், ஏமாத்துறியா? ஸ்டேட் சாம்பியனே வந்தாலும் உன் கடையில ஒண்ணுகூட உடைக்க முடியாதுய்யா!"

பலூன்காரர் பொம்மையின் மூக்கிலிருந்து அம்பைப் பிடுங்கினார். வேட்டியில் துடைத்து, பதமாக உறையில் சொருகிக் கொடுத்தார்.

"எப்படி முடியும் தம்பி? வேலைய விட்டுட்டு, மூணு வருசம் ஸ்டேட் சாம்பியனா இருந்தவன் ஊதின பலூனாச்சே!"